சும்மா கிடைக்கும் ரூல்புக்குக்கு என்ன செலவு?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பேச்செடுத்தால் நம்ம ஊரில் முதலில் வரும் கேள்வி, "அது என்னது?" இரண்டாவது, "எவ்வளவு ஆகும்?" முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையைப் பேசியே நடத்துவது. ஒருவர் இடத்தையும் அங்கே இருக்கிறவர்களையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். போர்டு கிடையாது. ஜெயிச்சவன், தோத்தவனும் கிடையாது.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் குறிப்பு. இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் பதில், "ஒண்ணும் ஆகாது, ரூல்ஸ் எல்லாம் இலவசமா கிடைக்கு" என்பது. உண்மைதான். ஆனால் அந்தப் பதில் விலையை மட்டும் பார்க்கிறது, செலவைப் பார்க்கவில்லை. கடந்த ஒரு வருஷமாகப் பார்வதிபுரம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேர் இலவச விதிகளை மட்டும் வைத்து ஆடிப் பார்த்தோம். ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு காலேஜ் பசங்க, கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், நான். அதில் கிடைத்த அளவுகோலை வைத்து அந்த விதிநூல்களை இங்கே மதிப்பிடுகிறேன்.

மூன்று செலவுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், 10 டாலர். 2014-இல் வரத் தொடங்கிய ஐந்தாம் பதிப்பிலும் அடிப்படை நூல்கள் மூன்றுதான். ஒவ்வொன்றின் அச்சிட்ட விலையும் 49.95 டாலர். அந்தக் காசுக்கு இங்கே ஒரு பையன் செகண்ட்ஹேண்ட் போனே வாங்கிவிடுவான். ஆகவே இலவச விதிகளைத் தேடுவது இங்கே ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வேறு வழி கிடையாது.

இலவசமாக வரும் ஒரு விதிநூலை நான் மூன்று கேள்வி கேட்டு எடைபோடுகிறேன். ஒன்று, தாள்: எத்தனை பக்கம் ஜெராக்ஸ் எடுக்கணும், எத்தனை பக்கம் படித்தால் ஆட ஆரம்பிக்கலாம்? இரண்டு, பகடை: வீட்டில் இருக்கிறதை வைத்து ஆட முடியுமா? மூன்று, அனுமானம்: நாம் ஏற்கெனவே என்னவெல்லாம் அறிந்திருப்போம் என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது? முதல் இரண்டையும் கடையில் தீர்த்துவிடலாம். மூன்றாவதை ஆட்டத்தில் உட்கார்ந்தபிறகு, சக ஆட்டக்காரர்கள் முன்னால்தான் தீர்க்கணும். இலவச ரூல்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நான்கு நூல்கள்

முதலில் பெரியது. டி அண்ட் டி-யை வைத்திருக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, தன் விதிகளின் ஒரு பகுதியை மற்றவர்களும் பயன்படுத்த விட்டது. 2023 ஜனவரியில் அந்த லைசென்ஸை மாற்றும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. ஏழரை லட்சம் டாலருக்குமேல் வருமானம் வருகிறவர்கள் பங்கு கட்டணும், பழைய லைசென்ஸ் இனிச் செல்லாது என்றெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி அடங்கவே இல்லை. ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 என்ற விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். அதன்பின் அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

உரிமம் என்ற வகையில் பெரிய வெற்றிதான். படிக்கிறவனுக்கு? நானூறு பக்கத்துக்கு மேல். அதுவும் புத்தகம் கிடையாது, உதிரிபாகப் பட்டியல். பாத்திரங்களுக்குப் பின்னணி என்று அதில் இருப்பது ஒன்றே ஒன்று, கோயில் பணியாள். சிறப்புத்திறன் ஒன்றே ஒன்று, மல்லுக்கட்டு. முதல்முறை ஆடுகிறவனுக்கு இது எப்படி நடக்கும் என்று கைபிடித்துச் சொல்லித்தர அதில் ஒரு பக்கம்கூட இல்லை. ஏற்கெனவே ஆடத் தெரிந்து, அதை வைத்துப் புத்தகம் போட நினைக்கிறவனுக்காகச் செய்த கோப்பு அது. எங்கள் காலேஜ் பையன் ஒருவன் அதைப் போனில் இறக்கி இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, "அண்ணே, இது பஸ் டைம்டேபிள் மாதிரில்லா இருக்கு" என்றான். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது, பேசிக் ஃபேன்டஸி. கிறிஸ் கோனர்மன் தொடங்கி, பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்த்தது. பிடிஎஃப் இலவசம், அச்சுப் பிரதியை அடக்க விலையை ஒட்டித்தான் விற்கிறார்கள். 2023 களேபரத்துக்குப் பிறகு நான்காம் பதிப்பைப் பழைய லைசென்ஸின் நிழலே படாமல் திருத்தி எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டார்கள். முக்கியமான விஷயம், திருத்தக்கூடிய மூலக் கோப்பையே தருகிறார்கள். வேண்டாததை வெட்டிவிட்டு வேண்டியதை மட்டும் பிரிண்ட் எடுக்கலாம். நேர்மையில் நாலில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் இருநூறு பக்கத்தை ஒட்டிய நூல். கடல் தாண்டி வரும் கூலியைச் சேர்த்தால் அந்த அடக்க விலை நமக்கு அடக்க விலையாக இருப்பதில்லை.

மூன்றாவது, ரைசஸ். எஸ். ஜான் ராஸ் 1993-இல் எழுதியது. ஆறு பக்கம். சாதாரணப் பகடை போதும். பாத்திரத்தை ஓரிரு சொல்லில் எழுதி அதற்கு இத்தனை பகடை என்று பங்கு வைக்கணும், முடிந்தது. "ரிட்டையர்டு விஏஓ 4, சீட்டு பிடிக்கிறவர் 3, ஜோசியம் பார்க்கிறவர் 3" என்று எங்கள் ஆசிரியை எழுதிய பாத்திரத்துக்கு மேசையே சிரித்து உருண்டது. பேச்சில் எள்ளல் ஊறிப்போன நம்ம ஊருக்குப் பொருத்தமான விதி. ஆனால் எல்லாவற்றையும் கேலியாக்கிவிடுகிறது. அதில் ஒருவர் செத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு சாயங்காலத்துக்குக் கொள்ளாம். பத்து வாரத்துக்கு இழுக்காது.

நான்காவது, கேர்ன். யோகாய் கால் 2020-இல் வெளியிட்டது. பென் மில்டனின் நேவ், கிறிஸ் மெக்டவலின் இன்டு தி ஆட் என்ற இரண்டு சிறிய விளையாட்டுகளின் கலவை. முதல் பதிப்பு இருபத்திச் சொச்சம் பக்கம்தான். இரண்டாம் பதிப்பு பெருத்துவிட்டது. நான் பேசுவது முதலாவதைப் பற்றி. உரிமம், பெயரைச் சொல்லி எடுத்துக்கொள், நீ செய்வதையும் அதேபோல் திறந்துவிடு என்பது.

கேர்னில் பலம், லாகவம், மனத்திடம் என்று மூன்றே குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டிக் கூட்டணும். ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, அந்தக் குணத்தின் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழணும். சண்டையில் அடி படுமா என்ற கேள்வியே இல்லை. அடித்தால் படும்; எவ்வளவு படும் என்பதைத்தான் உருட்டுகிறோம். ஆகவே சண்டை சீக்கிரம் முடியும், சாவும் சீக்கிரம் வரும். சுமக்கப் பத்து இடம். களைப்பு வந்தால் அதுவும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்தப் பத்து இடக் கணக்கு எங்கள் மேசையில் உடனே பிடிபட்டது. வெட்டோத்தி ஓரிடம், கயிறு ஓரிடம், ஓலைச்சூட்டு ஓரிடம், கருப்பட்டியும் அவலும் ஓரிடம் என்று கடவத்தில் அடுக்குகிற மாதிரி அடுக்கினார்கள். கடற்கரைக்காரர் கேட்டார், "களப்புக்கும் எடம் உண்டுன்னு எழுதிருக்கானே, இவன் எப்பவாவது வல இழுத்திருப்பானோ?"

தாளில் கேர்ன் ஜெயிக்கிறது. அனுமானத்தில் எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் பகடை.

தாயக்கட்டை

இந்த விளையாட்டுகள் கேட்கும் நாலு முகம், எட்டு முகம், இருபது முகப் பகடைகளை ஆன்லைனில்தான் வாங்கணும். பணம் அதிகமில்லை. ஆனால் "பொருள் வரட்டும், ஆடலாம்" என்று தள்ளிப்போட்டே கலைந்துபோன கூட்டங்கள் உண்டு. அமெரிக்காவிலேயே 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்து, டி அண்ட் டி பெட்டிக்குள் எண் அச்சிட்ட சீட்டுகளை வைத்து, வெட்டி எடுத்துக் குலுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இருபது சீட்டு எழுதி டப்பாவில் போட்டால் இருபது முகப் பகடை தயார். இது எல்லாரும் சொல்லும் யோசனை.

எனக்குச் சுவாரசியமானது நம் வீட்டுத் தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் பதினாறு வாய்ப்பு. கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: இரண்டும் வெறுமை, அதாவது பன்னிரண்டு, 1 வாய்ப்பு, தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நாலு 3, ஐந்து 2, ஆறு 1. நடுவில் குவிந்து ஓரங்களில் மெலிகிறது. வின்சென்ட் பேக்கரின் அப்போகலிப்ஸ் வேர்ல்ட் (2010) வந்தபிறகு புகழ்பெற்ற "தோல்வி, பாதி வெற்றி, முழு வெற்றி" முறை இரண்டு சாதாரணப் பகடையின் இதே மாதிரிக் குவியலின்மேல் நிற்கிறது. அங்கே மூன்றுக்கும் வாய்ப்பு முறையே 41.7, 41.7, 16.7 சதவீதம். தாயக்கட்டையில் பன்னிரண்டை வெறும் பூஜ்யமாக வைத்துக்கொண்டு 0 முதல் 2 வரை தோல்வி, 3–4 பாதி, 5–6 முழு வெற்றி என்று பிரித்தால் 37.5, 43.75, 18.75. கிட்டத்தட்ட அதே.

கணக்குக்கு இது அழகாக இருக்கிறது. மேசையில் செல்லாது. ஏன் என்றால், நம்ம வீட்டில் ஒண்ணு விழுந்தால் "தாயம்!" என்று கத்துவார்கள். தாயம் போட்டவன் முகத்தைப் பார்த்து "நீ தோத்துட்ட" என்று எந்த விதியாலும் சொல்ல முடியாது. பன்னிரண்டும் அப்படித்தான். ஆகவே பழக்கத்துக்கு விதியை வளைத்தோம். ஆட்டத்தில் மறு உருட்டு கிடைக்கும் 1, 5, 6, 12 நாலும் முழு வெற்றி. நாலு விழுந்தால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு நஷ்டமும் வரும். இரண்டும் மூன்றும் வம்பு. வாய்ப்பு 37.5, 18.75, 43.75. அப்போகலிப்ஸ் முறையைவிட வெற்றி அதிகம், நடுவழி குறைவு. கொஞ்சம் சூதாட்டத் தன்மை கூடுகிறது. ஆனால் மேசையில் யாருக்கும் அட்டவணை பார்க்க வேண்டியிருக்கவில்லை. எந்த எண் நல்லது என்பது பாட்டி வீட்டிலேயே தெரிந்த விஷயம். விளக்காமலே புரிகிற விதிக்கு ஒரு பக்கத் தாள்கூடச் செலவில்லை.

சத்திரத்தில் யாருக்கு இலை?

மூன்றாவது செலவுக்கு வருகிறேன். இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆட்டம் ஒரு மதுக்கடையில் தொடங்கும். முன்பின் தெரியாத நாலு பேர், நாலு இனம், ஒரே மேசை. பக்கத்தில் யாரோ புதையல் பற்றிப் பேசுவார்கள். கிளம்பிவிடுவார்கள்.

நாங்கள் ஆட்டத்தை 1741 குளச்சல் போருக்குப் பின்னான வருஷங்களில் வைக்கலாம் என்று நினைத்தோம். மார்த்தாண்ட வர்மா காலம், பத்மநாபபுரத்தில் அரண்மனை, உதயகிரிக் கோட்டையில் டச்சுக்காரர் டிலனாய் படைக்குப் பயிற்சி கொடுக்கிறார், சண்டை முடிந்து கூலியில்லாமல் திரிகிற ஆட்கள் எங்கும். சாகசத்துக்கு வேறென்ன வேண்டும்? தங்கக் காசுக்குப் பதிலாகத் திருவிதாங்கூர்க் கணக்கை வைத்தோம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இதெல்லாம் சுலபம். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் தீர்ந்தது. மதுக்கடையையும் அப்படியே சத்திரம் ஆக்கினோம்.

ஆசிரியை கேட்டார்: "இந்தச் சத்திரத்துல யாரு யாருக்கு எல போடுவா?"

மேசையில் பேச்சு நின்றது. 18-ஆம் நூற்றாண்டு நாஞ்சில் நாட்டில் எங்கள் நான்கு பாத்திரங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது. ஒரே தெருவில் நடந்திருக்கவே முடியாது. பெண் பாத்திரம் தோளில் சீலை போட்டிருந்தால் அதற்கே அடி விழுந்திருக்கும். தோள்சீலைப் போராட்டம் தொடங்கி முடிவதற்கு அடுத்த நூற்றாண்டில் 1859 வரை ஆனது. எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம் என்று சுவாமித்தோப்பில் வைகுண்டர் செய்து காட்டியதும் அந்த நூற்றாண்டில்தான். விதிநூலில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் கடந்துபோகும் "முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்ற தொடக்கம், இங்கே ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் முடிவு.

இதில் இரண்டு வழி உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் "நம்ம கதையில சாதி கிடையாது" என்று வைத்துக்கொள்ளலாம். களைத்துப்போய் வந்து சனிக்கிழமை ஆட உட்காருகிறவர்கள் அதைத் தேர்ந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னொரு வழி, அதையே கதையாக்குவது. நம் கதைப்பாடல்கள் அதைத்தான் செய்தன. முத்துப்பட்டன் கதையில் பிராமணன் அருந்ததியர் குலப் பெண்கள் இருவரைக் கட்டுகிறான். சேர்ந்து வாழக்கூடாதவர்கள் சேர்ந்ததுதான் அங்கே கதையே. எங்கள் மேசை இரண்டாவதைத் தேர்ந்தது, ஒரு நிபந்தனையோடு: சாதிப் பெயர் சொல்லி யாரும் யாரையும் இழிவாகப் பேசி நடிக்க வேண்டாம், தடை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கதை சொல்லும். இந்த நிபந்தனை எந்த விதிநூலிலும் கிடையாது. அதைப் பேசி முடிக்க எங்களுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. இலவச ரூல்புக்கின் செலவு என்று நான் சொல்வது இந்தச் சாயங்காலத்தை.

காடும் அப்படித்தான். கேர்ன் தன் உலகத்தை ஒரு இருண்ட, மர்மமான காடு என்று சொல்கிறது. அதில் விசித்திர மனிதர்கள், ஒளிந்த புதையல், கொடூரப் பிராணிகள். நம்ம பக்கத்துக் காடு என்றால் பேச்சிப்பாறைக்கு மேலே, மலை ஏறினால் வருவது. அங்கே இருப்பவர்கள் காணிக்காரர்கள். சந்தைக்கு மலைச்சரக்கு கொண்டுவருகிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். "காட்டுக்குள்ள போயி விசித்திர ஆட்கள்ட்ட இருந்து புதையல் எடுக்கோம்" என்ற ஆட்ட வழக்கத்தை இங்கே நட்டால் அது யாரைப் பற்றியது என்பது உடனே தெரிந்துவிடும். ஐரோப்பியக் காட்டில் வாசகன் மனசில் ஒரு பூதம் நிற்கிறது. இங்கே ஒரு அண்டைவீட்டுக்காரர் நிற்கிறார்.

அத வெட்டப்பிடாது

காசில்லாமல் கிடைக்கும் இன்னொரு சரக்கு நம்ம ஊர்க் கதைகள். "மான்ஸ்டர் புக் எதுக்கு? நம்மட்ட இசக்கி இல்லியா, மாடன் இல்லியா, கள்ளியங்காட்டு நீலி இல்லியா?" என்று காலேஜ் பையன் கேட்டான். கள்ளியங்காடு எங்களுக்குப் பக்கம்தான். நியாயமான யோசனை என்றே தோன்றும். இணையத்திலும் "உங்கள் ஊர்த் தொன்மங்களைப் பயன்படுத்துங்கள், செலவே இல்லை" என்றுதான் அறிவுரை.

இரண்டாவது பையன் தலையை ஆட்டினான். "இசக்கி எங்க குடும்பக் கோயிலாக்கும். அத வெட்டப்பிடாது."

"பின்ன என்னல செய்யணும்?"

"என்ன வேணும்னு கேக்கணும்லா."

இந்த நாலு வரியில் விதிநூல் விமர்சனம் முழுவதும் இருக்கிறது. எஸ்ஆர்டி-யில் ஒவ்வொரு பிராணிக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி, கொன்றால் இத்தனை அனுபவப்புள்ளி என்று எழுதியிருக்கும். கோப்ளின் ஒன்றுக்கு ஏழு உயிர், ஐம்பது அனுபவம். பேசிக் ஃபேன்டஸியிலும் பிராணியை வீழ்த்தினால் அனுபவம் ஏறும். கொல்வதால் வளர்கிற விதி. வில்லுப்பாட்டுக் கதைகளில் இதற்கு நேர்மாறு. அநியாயமாகச் செத்தவர்தான் தெய்வமாக எழுகிறார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூலில், சாவைப் பாடும் கதைகள்தான் கொடையின் நடுநாயகமாக அமைவதையும், சாமியாட்டம் அங்கேதான் உச்சம் கொள்வதையும் காட்டியிருக்கிறார். செத்ததால் வந்த தெய்வத்தை மறுபடி எப்படிக் கொல்வது? நீலிக்கு உயிர்ப்புள்ளி 30 என்று எழுதினால் பக்தி கெட்டுப்போகும் என்று நான் பயப்படவில்லை. கதையே புரியாமல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன். அவளிடம் கணக்கு உண்டு, பாக்கி தீரணும். அதைக் கேட்டுத் தீர்ப்பது சாகசம், வெட்டிப் புள்ளி வாங்குவது அல்ல.

இங்கேதான் கேர்ன் மற்றவற்றிலிருந்து பிரிகிறது. அதில் அனுபவப்புள்ளி கிடையாது, லெவல் கிடையாது. தாக்குப்பிடிக்கும் எண் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றால் ஒரு வடு கிடைக்கும். பாத்திரம் மாறுவது அந்த வடுவால்தான். யோகாய் கால் நாஞ்சில் நாட்டை நினைத்து எழுதவில்லை. ஆனால் காயத்தால் ஆள் மாறுவது என்ற ஒரு விதி போதும், நம் கதைகளின் பக்கமாக அந்த நூல் சாய்ந்துவிடுகிறது. நீலியின் பக்கத்தில் நாங்கள் எண் எழுதவில்லை. மூன்று வரி மட்டும் எழுதினோம்: அவளுக்கு நடந்தது என்ன, அவள் கேட்பது என்ன, கொடுக்காவிட்டால் என்ன. விதி அதனால் உடையவில்லை. எஸ்ஆர்டி-யில் இதையே செய்திருந்தால் சண்டைக்காக எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாம் சும்மா கிடந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். "வில்லுப்பாட்டே நம்ம ரோல்பிளேயிங் கேம்தான்" என்று உற்சாகமாகச் சொல்கிறவர்கள் உண்டு. இல்லை. முத்துப்பட்டன் சாவான் என்பது பந்தலில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். அண்ணாவி நீட்டலாம், சுருக்கலாம்; முடிவை மாற்ற முடியாது. இந்த விளையாட்டில் முடிவு கதை சொல்கிறவருக்கே தெரியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு, இடையில் கேள்வி கேட்டு, அடுத்த அடிக்குக் கதையைத் தள்ளிவிடும் அந்தப் பழக்கம். எங்கள் மேசையில் நன்றாக ஆடுகிறவர் யார் என்று கேட்டால், சரியான இடத்தில் கேள்வி கேட்கிறவர் என்றுதான் சொல்வேன்.

தமிழில் எழுதிக்கொள்ளும் உரிமை

கடைசியாக உரிமம். சட்டத்தில் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இடையிலான தகராறில் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தக் கணக்கில், எந்த விளையாட்டின் செயல்முறையையும் நம் வார்த்தையில் எழுதிக்கொள்ளத் தடையில்லை. பின் கிரியேட்டிவ் காமன்ஸ் எதற்கு? வரிக்கு வரி மொழிபெயர்த்து, பிரிண்ட் எடுத்து, அடுத்த தெருக் கூட்டத்துக்கும் பயமில்லாமல் கொடுப்பதற்கு. "இலவசம்" என்று போட்டுவிட்டு மொழிபெயர்ப்புக்கு அனுமதி தராத நூல்கள் நிறைய உண்டு. ஆங்கிலம் படிக்கிறவனுக்குத்தான் அவை இலவசம். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு அவற்றின் விலை அப்படியே நிற்கிறது. ஆகவே பைசா இல்லை என்பதைவிட, எழுதிக்கொடுக்க விடுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நூலின் தரமும் தெரிந்துவிடும். கேர்னில் எச்பி என்பது உயிர்ப்புள்ளி கிடையாது. அடி படாமல் ஒதுங்கும் திறன். "உயிர்" என்று எழுதினால் விதியே தப்பாகிவிடும். நாங்கள் "தாக்குப்பிடி" என்று வைத்தோம். ஆட்டம் நடத்துகிறவரை நடத்துநர் என்றால் எல்லாரும் டிக்கெட் கேட்கிறார்கள், கதைக்காரர் ஆக்கிவிட்டோம். அடிப்படை விதிகள் எங்கள் கையெழுத்தில் ஒன்பது பக்கத்தில் முடிந்தன. எஸ்ஆர்டி-யை இப்படி எழுத ஒரு ஆயுள் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கூட்டமாகச் சிரித்து ஒரு நாள் ஆட ரைசஸ். புத்தகமாக வைத்து ஆழ்ந்து ஆட, நல்ல ஆங்கிலம் உள்ள கூட்டத்துக்குப் பேசிக் ஃபேன்டஸி. எஸ்ஆர்டி-யை விட்டுவிடுங்கள், அது விளையாடுகிறவனுக்கானது இல்லை. தமிழில், நம்ம ஊரில், கையில் காசில்லாமல் தொடங்க கேர்ன் முதல் பதிப்பு. ஆனால் அதன் காட்டை அப்படியே எடுக்காதீர்கள். ஆடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: நம் பாத்திரங்கள் எப்படி ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், காட்டில் இருப்பவர்கள் யார், மேசையில் யாருடைய சாமி கதைக்குள் வருகிறது. மூன்றாவதற்கு எந்த உரிமமும் பதில் சொல்லாது. இசக்கி கதைக்குப் பதிப்புரிமை கிடையாதுதான். ஆனால் அவளுக்குப் பொங்கல் விடுகிற குடும்பம் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்கள் ஒன்பது பக்கமும் தாயக்கட்டை விதியும் கேர்னின் அதே உரிமத்தில்தான் இருக்கின்றன. மூலத்தின் பெயரைப் போட்டுவிட்டு யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றினால் அதையும் திறந்து வையுங்கள். நாலு விழுந்தால் வரும் நஷ்டத்துக்கு எங்களைவிட நல்ல பட்டியல் யாராவது போட்டால் அதைத்தான் முதலில் பார்க்க ஆசை.